நின்றுபோன பழைய புல்லட்டை வீட்டிலேயே ஓட வைப்பது

பழைய புல்லட் கைக்கு வந்ததும் பலர் முதலில் தேடுவது பெயின்டரைத்தான். அடுத்து குரோம் பூசுகிறவரை. பிரேக் ஷூ எந்த நிலையில் இருக்கிறது, ஆயில் மேலே ஏறுகிறதா என்பதெல்லாம் கடைசியில்தான் ஞாபகம் வரும். அதற்குள் காசும் தீர்ந்திருக்கும், ஆர்வமும் வடிந்திருக்கும். வண்டி பளபளவென்று வாசலில் நிற்கும், ஓடாது. இதற்கு நேர் எதிரான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். வண்டி முதலில் பிரேக் பிடித்து நிற்க வேண்டும், அப்புறம் ஓட வேண்டும், அழகு அதற்கும் பிறகு. இன்ஜினைப் பிரிக்காமல் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய்ப் பார்க்க வேண்டும்.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு: மெஷின் தன் கோளாறைச் சொல்லும்வரை ஸ்பேனரை எடுக்க மாட்டோம். பழைய வண்டிக்கும் அதே கணக்குதான். இங்கே நான் சொல்வதெல்லாம் என் தாய்மாமாவின் 1986 மாடல் புல்லட் 350-ஐ வைத்து. தென்காசிப் பக்கம் தோட்டத்து மோட்டார் ரூமில் பல வருஷம் நின்ற வண்டி. காஸ்ட் அயர்ன் இன்ஜின், 346 சிசி, 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), வலது காலில் கியர், பாயின்ட் இக்னிஷன் (திறந்து மூடும் சின்ன சுவிட்சால் பொறி வரவைக்கும் பழைய முறை).

வீட்டில் வேலை பழக இதைவிட நல்ல வண்டி கிடையாது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் ராயல் என்ஃபீல்டோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் தயாரான அந்த இன்ஜின், அடிப்படை அமைப்பு பெரிதாக மாறாமல் பல பத்தாண்டுகள் வந்துகொண்டே இருந்தது. அதனால் பாகங்களுக்கு இன்றும் பஞ்சமில்லை. சென்னை ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை, டெல்லி கரோல் பாக் என்று தேடினால் கிடைத்துவிடும்.

முதலில் பேப்பர்

ஒரு நட்டைக்கூடத் தொடுவதற்கு முன் ஆர்சி புத்தகத்தைத் தேடி எடுங்கள். சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் துடைத்துப் பார்த்து புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் மேலே போகலாம். ஒத்துப்போகாவிட்டால் அதற்கு விடை தெரியும்வரை அந்த வண்டியில் காசு போடாதீர்கள்.

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருஷத்துக்கு. அதற்குப் பிறகு படிவம் 25 கொடுத்து, மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்தபிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பழைய வண்டிக்குப் பசுமை வரியும் உண்டு. பெயர் மாற்ற 29, 30 படிவங்கள். வண்டிக்காரர் காலமாகியிருந்தால் படிவம் 31, கூடவே இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். அப்பா வண்டி, தாத்தா வண்டி என்று வைத்திருக்கிற பலர் இந்தக் கடைசிப் படியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பெரியவர் இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 2021-ல் வின்டேஜ் பதிவு என்று தனியாக ஒன்று வந்தது. அதற்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அந்தப் பதிவில் இருக்கும் வண்டியை அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை. தினமும் ஓட்டத்தான் ஆசை என்றால் சாதாரணப் பதிவையே உயிரோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவாதீர்கள், பாருங்கள்

வண்டியைத் தோட்டத்திலிருந்து இறக்கியதும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவத் தோன்றும். பொறுங்கள். எந்த இடத்தில் ஆயில் கசிந்து மண் ஒட்டியிருக்கிறது என்பது அப்படியே எழுதி வைத்த மாதிரி தெரியும். பிரைமரி கவருக்கு (இடதுபக்கம் கிளட்சை மூடியிருக்கும் மூடி) கீழே ஈரமா, கியர் பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னாலா, ராக்கர் கவர் (இன்ஜின் உச்சியில் வால்வைத் திறக்கும் ராக்கர்களின் மூடி) ஓரமா? எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள். ஒயர் எங்கே போகிறது, கேபிள் எந்தப் பக்கம் வளைகிறது என்பதையும் எடுங்கள். எலி கடித்த ஒயர் இருந்தால் இப்போதே கண்ணில் படும். அப்புறம் டீசலும் பிரஷ்ஷும் வைத்துத் துடையுங்கள்.

ஸ்பேனர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய புல்லட்டில் பிரிட்டிஷ் அளவு நட் போல்ட் நிறைய. இன்று வீட்டில் இருக்கும் மில்லிமீட்டர் செட்டில் ஏதோ ஒன்று பொருந்துவதுபோல் உட்காரும், அழுத்தியதும் முனையை உருட்டிவிடும். அந்த பிரிட்டிஷ் அளவுக்கான விட்வொர்த் ஸ்பேனர் செட் ஒன்று வாங்கிவிடுங்கள். ஒரு ஃபில்லர் கேஜ் (சின்ன இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), ஒரு இம்பாக்ட் ஸ்க்ரூ டிரைவர் (சுத்தியலால் தட்டினால் திரும்புவது), 6 வோல்ட் பல்பில் இரண்டு ஒயர் கோத்த டெஸ்ட் லாம்ப், இவ்வளவு இருந்தால் முக்கால்வாசி வேலை முடியும். துருப்பிடித்த நட்டுக்கு முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் ஆயில் விட்டு வையுங்கள். காலையில் முதலில் இறுக்கும் பக்கம் மெல்ல அசைத்து, அப்புறம் கழற்றுங்கள்.

இன்ஜின் சுற்றுகிறதா

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, கிளட்ச் பிடிக்காமல், கிக்கரைக் கையால் அழுத்துங்கள். இறங்கினால் சந்தோஷம். இறங்காவிட்டால் ஏறி மிதிக்காதீர்கள். துருப்பிடித்து ஒட்டியிருக்கும் பிஸ்டனைக் காலால் பிரிக்கப் போனால் உள்ளே கிக்கர் பல்லுதான் உடையும். பிளக் ஓட்டை வழியாக டீசலும் இன்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்து ஒரு சின்ன டம்ளர் அளவு ஊற்றி, துணியால் மூடிவிட்டு இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். பிறகு சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நாலாவது கியரில் போட்டு, பின்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டுங்கள். டாப் கியரில் சக்கரத்தின் அசைவு பிஸ்டனுக்கு மிருதுவாகப் போய்ச் சேரும். கொஞ்சம் இடம் கொடுத்தாலும் போதும், அன்றைக்கு அத்தோடு விட்டுவிட்டு மறுபடி ஊற்றி வையுங்கள். காஸ்ட் அயர்ன் சிலிண்டர் பொறுமைக்குக் கட்டுப்படும்.

இது ஊறும் நேரத்தில் பிரேக்

இரண்டு சக்கரத்தையும் இறக்குங்கள். டிரம்முக்குள் இருக்கும் கறுப்புத் தூசியை வாயால் ஊதவோ, ஏர் பிடிக்கவோ கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டிப் போட்டுவிடுங்கள். ஷூவின் லைனிங் ஆயில் குடித்திருந்தால் தேய்த்துப் பயனில்லை, மாற்றுவதுதான் சரி. ரிவெட் தலை வெளியே தெரிந்தாலும் அப்படியே. டிரம்மின் உட்பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். விரலை ஓட்டும்போது ஓரத்தில் படி மாதிரித் தட்டினால் லேத்துக்குக் கொடுக்க வேண்டும்.

ஷூக்களை விரிக்கும் தண்டான கேம் ஸ்பிண்டிலைக் கழற்றிச் சுத்தம் செய்து, துளி கிரீஸ் மட்டும் வைத்துப் போடுங்கள். நின்றுபோன வண்டியில் பிரேக் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பதற்கு இந்த ஸ்பிண்டில் இறுகியிருப்பதே பெரும்பாலும் காரணம். சக்கரத்தை மாட்டும்போது ஆக்சில் நட்டைக் கடைசியாக இறுக்குகையில் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இறுக்குங்கள். ஷூ இரண்டும் டிரம்மின் நடுவில் உட்காரும். பிரேக் பிடிக்கும் நேரத்தில் கேபிளும் கேமின் கைப்பிடியும் ஏறக்குறைய செங்கோணத்தில் நிற்க வேண்டும். கைப்பிடி அதைத் தாண்டிப் போய்விட்டால் எவ்வளவு அழுத்தினாலும் பலம் இறங்காது.

டயர் 3.25-19, முன்னும் பின்னும் ஒரே அளவு. பட்டன் நன்றாக இருக்கிறதே என்று பழைய டயரை வைத்துக்கொள்ளாதீர்கள். 2000-க்குப் பிறகு வந்த டயரில் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 2314 என்றால் 2014-ன் 23-வது வாரம். மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது போன நூற்றாண்டு டயர். டியூபையும் சேர்த்தே மாற்றுங்கள். ஸ்போக்ஸை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள், மொத்தென்று சத்தம் வருவது தளர்ந்திருக்கிறது. சக்கரத்தைச் சுழற்றி, ஃபோர்க்கில் ஒரு பேனாவை வைத்துப் பார்த்தால் கோட்டம் தெரியும். கோட்டம் எடுப்பது கைப்பழக்கம். பழகியவரிடம் கொடுத்துவிடுவதில் எந்தக் குறையும் இல்லை.

ஆயில்: இதில் அவசரப்படாதீர்கள்

புல்லட்டில் ஆயில் இருக்கும் அறையும் கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) சுற்றும் அறையும் வேறு வேறு. ஒரு பம்ப் ஆயிலைக் கொண்டுபோகும், இன்னொன்று திரும்ப இழுத்துவரும். வண்டி வருஷக்கணக்கில் நிற்கும்போது ஆயில் மெதுவாக இறங்கி கிராங்க் அறையில் தேங்கிவிடும். மூடியைத் திறந்து பார்க்கிறவர் ஆயிலே இல்லை என்று நினைத்து இன்னும் இரண்டு லிட்டர் ஊற்றுவார். ஸ்டார்ட் ஆனதும் ப்ரீதர் (இன்ஜின் காற்றை வெளியே விடும் குழாய்) வழியாக ஆயில் கொட்டும், தெருவே புகையாகும், இன்ஜின் போய்விட்டது என்று பிரித்துப் போடுவார்கள். அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டுகள் எல்லாவற்றையும் திறந்து, இரண்டு அறையையும் முழுதாக வடியவிடுங்கள். வடிந்த ஆயிலை ஒரு பழைய எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பால்போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. காந்தத்தில் ஒட்டும் பொடி கொஞ்சம் இருப்பது இயல்பு. விரலில் உறுத்தும் அளவுக்குச் சில்லுகள் வந்தால் அப்போதுதான் இன்ஜினைப் பிரிப்பதைப் பற்றிப் பேச வேண்டும்.

டைமிங் கவரில் இருக்கும் ஃபெல்ட் ஃபில்டரை மாற்றி, 20W-50 ஆயில் ஊற்றுங்கள். முழுக் கொள்ளளவு 2.25 லிட்டர். எங்கோ கொஞ்சம் பழையது தங்கியிருக்கும் என்பதால் அளவுகோலில் பார்த்துப் பார்த்து ஊற்றுவதுதான் பாதுகாப்பு.

இனி முக்கியமான சோதனை. பிளக் இல்லாமலே, சாவி போடாமல், நிதானமாகக் கிக் அடித்துக்கொண்டே இருங்கள். திரும்பி வரும் ஆயிலில் ஒரு பகுதி வெளியே தெரியும் குழாய் வழியாக ராக்கருக்கு ஏறும். அந்தக் குழாயின் மேல் முனை போல்ட்டை ஒரு சுற்றுத் தளர்த்தி வைத்தால் ஆயில் கசிந்து வருவது தெரியும். பழைய ஆயில் கட்டியாகிப் போயிருந்தால் கொஞ்சம் நேரமாகும். ஆயில் அங்கே ஈரமாக வந்து நிற்பதைக் கண்ணால் பார்க்கும்வரை ஸ்டார்ட் செய்யும் எண்ணமே வரக்கூடாது. புல்லட்டை வீட்டில் எடுப்பவர்களுக்கு நான் ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

கியர் பாக்ஸுக்குப் பழைய மெக்கானிக்குகள் கிரீஸும் 90 நம்பர் ஆயிலும் கலந்து போடுவார்கள். வெறும் ஆயில் மட்டும் ஊற்றினால் சில வண்டிகளில் கசியும். பிரைமரி கவரை ஒரே ஒரு நட்தான் பிடித்திருக்கிறது. கசிகிறதே என்று அதைப் போட்டு முறுக்கினால் கவர் வளையும், கசிவு நிற்காது. ரப்பர் கேஸ்கட்டை மாற்றி, உட்காரும் விளிம்பைச் சுத்தம் செய்தால் நிற்கும். நாள்பட நின்றதில் கிளட்ச் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மிதித்தால் முதலில் இன்ஜினும் சேர்ந்து சுற்றும், தகடு விட்டதும் கிக்கர் மட்டும் லேசாக இறங்கும். ஓடத் தொடங்கிய பிறகும் தினமும் காலையில் முதல் கிக்குக்கு முன் இதைச் செய்யுங்கள்.

பொறி

பேட்டரி வாங்கும் முன் வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று ஹெட்லைட் பல்பின் அடியில் பாருங்கள். எந்த முனை எர்த் என்றும் பாருங்கள். பழைய புல்லட்டுகளில் பிளஸ் முனை பாடிக்குப் போவது உண்டு. பழக்கத்தில் மாற்றிக் கொடுத்தால் ரெக்டிஃபையர் போய்விடும்.

சி.பி. பாயின்டைத் திறந்தால் முகம் சாம்பல் பூத்திருக்கும். நைஸ் உப்புத்தாளை இரண்டாக மடித்து நடுவில் விட்டு இழுங்கள், பிறகு பெட்ரோல் தொட்ட வெள்ளைத் தாளை விட்டு இழுங்கள். தாள் கறுப்பாகாமல் வரும்வரை இழுங்கள். கேம் பாயின்டை முழுதாகத் திறந்து வைத்திருக்கும் நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. பிளக் இடைவெளி 0.5 மி.மீ. கண்டென்சரை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள், விலை குறைவு. பாயின்டில் நீலமாகப் பொறி பறந்தால் கண்டென்சர் போய்விட்டது என்று அர்த்தம். பாயின்ட் உட்கார்ந்திருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்த வேண்டியிருந்தால் முதலில் ஊசியால் ஒரு கோடு கீறி வையுங்கள். டைமிங்கை வண்டி ஓடிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த நேரத்திலேயே டேப்பட்டையும் (வால்வைத் தள்ளும் புஷ் ராடின் விடுப்பு) பார்த்துவிடலாம். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷனின் உச்சியில் இருக்க வேண்டும். சிலிண்டரின் வலதுபக்கச் சின்ன மூடியைத் திறந்து, புஷ் ராடை இரண்டு விரலால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. டேப்பட்டுக்கு ஃபில்லர் கேஜ் வேண்டாம், விரல்தான் கேஜ்.

டேங்க், கார்புரேட்டர்

டேங்கில் மிச்சமிருக்கும் பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும். வெளியே கொட்டி, திறந்த வெளியில் நன்றாக ஆறவிடுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு, வெல்டிங் எதுவும் வேண்டாம். உள்ளே துரு இருந்தால் மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு போதும். லிட்டருக்கு 100 கிராம் வீதம் வெந்நீரில் கரைத்து, பெட்ரோல் காக் ஓட்டையை அடைத்துவிட்டு, கழுத்துவரை ஊற்றி ஒரு ராத்திரி வையுங்கள். 14 லிட்டர் சொச்சம் பிடிக்கும் டேங்க் என்பதால் ஒன்றரைக் கிலோ ஆகும். துரு கட்டியாக இருந்தால் முதலில் ஒரு பிடி பழைய நட்டுகளைப் போட்டுக் குலுக்கி உதிர்த்துவிடுங்கள், எல்லா நட்டும் வெளியே வந்துவிட்டதா என்று எண்ணிப் பாருங்கள். காலையில் கொட்டியதும் ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, பிறகு நல்ல தண்ணீர் விட்டு, வெயிலில் காய வையுங்கள். காய்ந்ததும் உடனே கொஞ்சம் பெட்ரோலில் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கான ஆயில்) கலந்து உள்ளே சுழற்றிவிட வேண்டும். தாமதித்தால் உட்பக்கம் கண் முன்னாலேயே மஞ்சளாகிவிடும். கரைசல் பெயின்டில் வழிந்தால் அப்போதே துடையுங்கள். மாமா வண்டியின் டேங்கில் கையால் வரைந்த தங்கக் கோடு அப்படியே இருக்கிறது. அதை இழந்தால் எந்த பெயின்டரும் திருப்பித் தர முடியாது.

மிக்கார்ப் கார்புரேட்டரில் பெரும்பாலும் அடைத்திருப்பது பைலட் ஜெட், அதாவது ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் நுண்துளைக் குழாய். அதில் ஊசியோ இரும்புக் கம்பியோ விடாதீர்கள், துளை பெரிதானால் ஐடிலிங் என்றைக்கும் நிற்காது. ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையும் கார்ப் கிளீனரும் போதும். ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வட்டமாக ஒரு புள்ளி தெரிய வேண்டும். ஏர் ஸ்க்ரூவை உள்ளே லேசாக முட்டும்வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து வையுங்கள், அது தொடக்கத்துக்கு. பெட்ரோல் டியூபையும் ரப்பர் வாஷர்களையும் எத்தனால் தாங்கக்கூடியதாகப் பார்த்து மாற்றுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் ஊறி உப்பும். எத்தனால் தண்ணீரையும் இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் டேங்கில் விட்டுவைக்கக் கூடாது.

முள்ளைப் பார்த்து ஒரு கிக்

வண்டியை வெளியே, காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள். ஷூ போட்டுக்கொள்ளுங்கள். புல்லட் ஸ்டார்ட் செய்வது கால் பலத்தில் இல்லை. என் மாமா நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்வார்: "மாப்ளே, முள்ளைப் பாருடா. காலை அப்புறம் பார்த்துக்கலாம்."

முள் என்றால் ஆம்மீட்டர் முள், கரண்ட் ஓடுவதைக் காட்டும் மீட்டர். சாவி போட்டதும், பாயின்ட் மூடியிருந்தால் காயில் கரண்ட் இழுக்கும், முள் மைனஸ் பக்கம் சாயும். பாயின்ட் திறந்தால் நடுவுக்குத் திரும்பும். புல்லட்டில் இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் பாயின்ட் ஒருமுறைதான் திறக்கும், அதுவும் கம்ப்ரஷனின் முடிவில். ஆகவே அந்த முள் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று நேராகச் சொல்லிவிடுகிறது. கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் கல்லாக நிற்கும். இடது கையில் டீகம்ப்ரசர் லீவரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடுவது) பிடித்து, இன்னும் கொஞ்சம், மிக மெதுவாக அழுத்துங்கள். மைனஸில் இருந்த முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்துங்கள். பிஸ்டன் உச்சியைத் துளி தாண்டிவிட்டது. டீகம்ப்ரசரை விடுங்கள், கிக்கரை முழுதாக மேலே வரவிடுங்கள். இப்போது ஆக்சிலேட்டரைத் தொடாமல், மேலிருந்து கீழ்வரை ஒரே மிதி. நுனியில் படக்கென்று வெட்டக் கூடாது, கால் முழு வட்டமும் போக வேண்டும். உச்சியைத் தாண்டி நிற்பதால் திருப்பி அடிப்பதும் இப்படிச் செய்தால் மிக அரிது.

பேட்டரி வீக்காக இருந்தால் முள் ஊமையாக நிற்கும், அப்போது கிக் அடித்துக் களைப்பதில் பயனில்லை. முள் சரியாக ஆடியும் பிடிக்கவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, நனைந்திருந்தால் பொறி வரவில்லை.

பிடித்ததும் முறுக்காதீர்கள். சிலிண்டருக்குள் ஊற்றிய டீசலும் தேங்கிய ஆயிலும் வெளியேற வேண்டும், வெள்ளையும் நீலமுமாகப் புகை வரத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியது மேலே ராக்கர் குழாய் முனையை. மறுபடி தளர்த்திப் பார்த்து, ஒரு நிமிஷத்துக்குள் ஆயில் வரவில்லை என்றால் சாவியை அணைத்துவிடுங்கள். வந்தால் போல்ட்டை இறுக்கி, கொஞ்சம் சூடாகவிட்டு, ஏர் ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாகத் திருப்பி, சத்தம் எங்கே சீராகிறதோ அங்கே வையுங்கள்.

ரோட்டுக்கு

செயினை மெல்லச் சுற்றி, இறுக்கமான இடம் எதுவென்று கண்டுபிடித்து, அங்கே 25 முதல் 30 மி.மீ. தொய்வு வையுங்கள். லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில் பாரைத் திருப்புங்கள், நேர் நடுவில் பள்ளத்தில் விழுந்ததுபோல் தட்டினால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்தின் பேரிங்) மாற்ற வேண்டும். ஹாரன், பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாம் வேலை செய்ய வேண்டும், ஆய்வாளரும் அதைத்தான் முதலில் பார்ப்பார். இன்சூரன்ஸ் எடுத்துவிட்டு வெளியே வாருங்கள்.

வலது கால் கியர், இடது கால் பிரேக். புது வண்டி ஓட்டிப் பழகியவர்கள் வெறிச்சோடிய தெருவில் கொஞ்ச நேரம் இதை மட்டும் பழகுங்கள். அவசரத்தில் கால் பழைய பழக்கத்துக்குத்தான் போகும். முதல் ஓட்டம் 40 கிலோமீட்டர் வேகத்துக்குள், வீட்டைச் சுற்றியே. திரும்பி வந்ததும் இன்ஜின் மவுன்டிங், சைலன்சர், ஃபுட்ரெஸ்ட், ஆக்சில் நட்டுகள் எல்லாவற்றிலும் ஸ்பேனர் வையுங்கள். ஏதாவது ஒன்று கட்டாயம் இளகியிருக்கும். பிளக்கை எடுத்துப் பாருங்கள். காபிப் பொடி நிறம் என்றால் சரி. கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலில் இப்படி வெளுப்பது சகஜம், கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு படி கீழே இறக்கிப் போட்டால் ஊசி உயரும், கலவை கெட்டியாகும்.

500 கிலோமீட்டர் ஆனதும் ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள், ஃபில்டரும் புதிது. டேப்பட், பாயின்ட் இடைவெளி இரண்டையும் மறுபடி பாருங்கள். புகை பற்றி முடிவு எடுக்க வேண்டியது இப்போதுதான். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி வந்து, மறுபடி முறுக்கும்போது மட்டும் நீலப் புகை வந்தால் வால்வு கைடு தேய்ந்திருக்கிறது, ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். இழுவையில் விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது போர் தேய்ந்திருக்கிறது. அப்போது சிலிண்டரைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோங்கள். ஆனால் ஓவர்சைஸ் பிஸ்டனை முதலில் வாங்கி லேத்காரர் கையில் கொடுத்து, அதை அளந்த பிறகே போர் போட (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்க) சொல்லுங்கள். பெட்டியின் மேல் இருக்கும் நம்பரை நம்பிப் போர் போட்டுவிட்டால், பிஸ்டன் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்போது சிலிண்டரைத் திரும்பச் சின்னதாக்க முடியாது.